நாலாவது முட்டை

அதைத் தபால்பெட்டி என்று சொன்னவன் நான்தான்.

பாலோ டவுனைத் தாண்டித் தோட்டத்துக்குள் திரும்புகிற செம்மண் பாதையில், எண்ணெய் எடுக்கிற செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பம் நிற்கும். அதன் உச்சியில் ஒரு மரப்பெட்டி. பெட்டியின் முகப்பில் சதுரமாய் ஒரு வாசல். நான் பாலர் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவன். தினமும் காலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளை ஏற்ற அந்த வழியாகத்தான் போவேன். டவுன் வீடமைப்புப் பகுதியில் இருக்கும் லோஷினியை முதல் ஆளாக ஏற்றிவிடுவதால் சுற்று முழுக்க அவள் என்னோடு வருவாள். ஐந்து வயது முடிந்து ஆறு நடக்கிற பிள்ளை. ஒரு நாள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

"வேன் அங்கிள், அந்தப் பொட்டியில யாரு இருக்கா?"

அந்தப் பெட்டியைப் பல வருசமாகப் பார்க்கிறேன். அதில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஆனால் அறுபதை நெருங்கும் ஆம்பளை ஒரு பிள்ளையிடம் தெரியாது என்று சொன்னால் மரியாதை என்னாவது? அப்படி நினைத்துத்தான் நான் வாழ்நாள் முழுக்க உளறிக்கொண்டிருக்கிறேன் என்பது என் மனைவியின் கருத்து.

"அது தபால்பெட்டி லா. ஒட்டகச்சிவிங்கிக்கு. அதான் அவ்ளோ ஒசரம்."

மறுநாள் லோஷினி ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு படம் வரைந்து, நாலாக மடித்து, தபாலில் போட வேண்டும் என்று கொண்டு வந்துவிட்டாள். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் கேட்டார்கள். நான் வேனை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளை யோகேஸ்வரி டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, கதை முடிந்தது என்று மைலோ குடிக்கப் போனேன்.

கதை அங்கேதான் ஆரம்பித்தது. யோகேஸ்வரி ஜொகூர் பாருவில் பெரிய பாலர் பள்ளி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து, டயர் கடைக்குப் பக்கத்துக் கடைவீட்டில் சொந்தமாக நடத்துகிறது. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாது. டீச்சருக்கே பதில் தெரியாதோ என்று முதல் வருசம் எனக்கே சந்தேகம். பிள்ளைகள் கேட்டதைப் படமாக வரையச் சொல்லி, சுவரில் கட்டிய நைலான் கயிற்றில் துணிக் கிளிப்பு போட்டு மாட்டும். மாட்டிவிட்டு, "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று பிள்ளைகளையே திருப்பிக் கேட்கும். அன்றைக்கு மாட்டிய படம் என் தபால்பெட்டி. "வேன் அங்கிள் சொல்றது சரியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறது. இப்படியாக என் பொய் அந்தப் பருவத்துக்குப் பாடத்திட்டம் ஆனது.

பிள்ளைகள் ஆளுக்கொன்று யோசித்து வரைந்தார்கள். ஒருவன் அது வைஃபை பெட்டி என்றான். ஒருத்தி உள்ளே போலீஸ்காரர் உட்கார்ந்து செம்பனைக் குலை திருடுகிறவர்களைப் பார்க்கிறார் என்றாள். இன்னொருவன் ஹந்து, அதாவது பேய், என்று கறுப்பு வண்ணக்கட்டி ஒன்றை முழுதாகத் தீர்த்தான். தோட்டத்தில் அந்தப் பெட்டிகளைப் பராமரிக்கிற சயீத்திடம் டீச்சர் முன்கூட்டியே போய் அனுமதி வாங்கியது. கூடவே, பிள்ளைகளிடம் எதையும் சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. பிள்ளைகளைப் பெட்டிக்குக் கூட்டிப் போன அன்று, தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் நிற்பது சயீத்துக்கு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. காலை மாற்றி மாற்றி நின்றான்.

தண்ணிக்குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே விட்டுப் பார்ப்பார்களே, வால் மாதிரி நீளமான சின்ன கேமரா, அதைத்தான் டீச்சர் கொண்டு வந்திருந்தது. குலை வெட்டும் அலுமினியக் கம்பின் நுனியில் அதைக் கட்டி, சயீத் மேலே தூக்கிப் பிடித்தான். படம் டீச்சரின் டேப்லட்டில் தெரிந்தது. பிள்ளைகள் வாயில் விரல் வைத்துக்கொண்டு குனிந்தார்கள். முதலில் இருட்டு. அப்புறம் ஆப்பிளை இரண்டாக வெட்டி வைத்த மாதிரி ஒரு வெள்ளை முகம், அதில் இரண்டு கறுப்பு விதை. அது மெதுவாக நகர்ந்து கொடுத்தபோது அதன் கீழே நாலு வெள்ளை முட்டை.

எலியைப் பிடிப்பதற்காகத் தோட்டத்துக்காரர்களே பெட்டி வைத்துக் குடியேற்றிய ஆந்தை அது. சயீத் கடைசியில் மூச்சை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். பிள்ளைகளுக்கு ஒரே குசி. நான் மட்டும் திரும்புகிற வழியில் முனீஸ்வரர் கோயிலில் வேனை நிறுத்தி, யாருக்கும் தெரியாமல் ஒரு சூடம் கொளுத்தினேன். ஆந்தைக்குப் பயம் என்று இல்லை. பழக்கம்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை கேமரா. மற்ற நாளெல்லாம் களிமண் ஆந்தை, தாள் ஆந்தை, முட்டைக்கு என்ன நிறம் என்று வெள்ளையிலேயே ஆறு விதமாகக் கலக்கிப் பார்ப்பது. பெட்டிக்குக் கீழே கட்டைவிரல் தண்டியில் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. ஆந்தை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் உருட்டி அப்படியே கக்கிவிடுமாம். அந்த உருண்டைகளைப் பொறுக்கி, கிருமி சாவதற்காக டீச்சர் தன் வீட்டில் கேக் சுடுகிற அவனில் வைத்துச் சுட்டது. அந்த அவனிலிருந்து வருகிற கேக்கை நான் அதன் பிறகு தொட்டதில்லை. பிள்ளைகள் சாமணத்தால் உருண்டையைப் பிரித்து, உள்ளே இருந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, டேப்லட்டில் பெரிதாக்கிப் பார்த்து, கறுப்பு அட்டையில் பசை போட்டு ஒட்டி, இஷ்டப்பட்டதைச் செய்தார்கள். கார், விமானம், பூ. வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட்ட அந்த அட்டைகளை அன்று மத்தியானம் வேனில் ஏற்றிக்கொண்டு போனவனும் நான்தான்.

மறுநாள் காலையில் லோஷினி வீட்டுக் கேட்டில் லோஷினி இல்லை. அவளுடைய அப்பா வீரமுத்து நின்றான். மில்லுக்குக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். இருளில் கிளம்பிப் போயிருக்க வேண்டிய ஆள். கேட்டில் வேப்பிலை செருகியிருந்தது. மஞ்சள்தண்ணீர் தெளித்த தரை காயவில்லை. நறுக்கிய எலுமிச்சம்பழம் ஒன்று குங்குமத்தோடு மூலையில் கிடந்தது. தென்னை விளக்குமாற்றுக் கட்டையின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, பாம்பைத் தூக்கிப் பிடிப்பதுபோல் தள்ளிப் பிடித்திருந்தான்.

"அண்ணே, பாப்பா இன்னிக்கு வரல."

"காய்ச்சலா?"

"இத பாருங்க. யாரோ நமக்குச் செஞ்சிட்டாங்க."

பைக்குள் கறுப்பு அட்டை. சின்னச் சின்ன எலும்புகளால் ஒரு வட்டம். வட்டத்துக்கு நடுவே ஒரு குட்டி மண்டையோடு. மற்ற பிள்ளைகள் செய்த காரையும் பூவையும் பார்த்தவன் நான். இதைத் தனியாகப் பார்த்திருந்தால் நானும் கேட்டைத் தாண்டி ஓடியிருப்பேன்.

பாப்பாவின் பள்ளிப் பையிலேயே வைத்து வீட்டுக்குள் அனுப்பியிருக்கிறார்கள் என்றான். குளுவாங்கில் ஒருத்தர் செய்வினை எடுப்பாராம், மத்தியானம் வருகிறாராம். "பாப்பாகிட்ட கேட்டா, நான்தான் செஞ்சேன்னு சொல்றா அண்ணே. அதத்தான் தாங்க முடியல."

பாவமாக இருந்தது. உடனே ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "முத்து, ஒன்னும் இல்லப்பா. டீச்சர்தான் சொல்லிக் குடுத்துச்சு. எல்லாப் பிள்ளையும் செஞ்சாங்க. சும்மா எலி எலும்பு."

"எலியா?" அவன் தோள் இறங்கியது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். வேனுக்குப் பிரேக் பிடிக்கும். நாக்குக்கு நான் இன்னும் மாட்டவில்லை. "ஆமா லா, ஆந்தை தின்னுட்டுக் கக்குன எலி" என்றேன்.

அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

போன வருசம் மழைக்காலத்தில், பொழுது சாய்கிற நேரம், ஓர் ஆந்தை இவன் வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்து அலறியது. எங்கள் தெருவே வெளியே வந்து நின்று எண்ணியது. ஒரு தடவை கத்தினால் சாவு, இரண்டு என்றால் நினைத்த காரியம் கைகூடும், மூன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். அது நிறுத்துகிற வழியாக இல்லை. அத்தனை தடவைக்கு நம் பெரியவர்கள் பலன் சொல்லி வைக்கவில்லை. எண்ணிக்கையில் எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வந்து, தெருவே சிரித்தது. வீரமுத்துவின் மனைவி சாந்தினியும் எட்டு மாத வயிற்றோடு வாசலில் நின்று சிரித்தாள். மறுநாள் அவளைக் குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பையன். மூச்சு இல்லாமல் பிறந்தான். லோஷினியிடம், தம்பி ஆஸ்பத்திரியில் தூங்குகிறான் என்று சொன்னார்கள். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது சாந்தினிக்கு மறுபடி எட்டாவது மாதம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்து உக்காந்த மறுநாள்தானே அண்ணே" என்றான் வீரமுத்து.  பிறகு, பாப்பாவைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவதாகச் சொன்னான். குழந்தை பிறந்ததும் குளுவாங்கில் வேறு இடத்தில் சேர்த்துவிடுவானாம். அங்கே அனா ஆவன்னா உண்டு, ஒன்று இரண்டு உண்டு, வீட்டுப்பாடம் உண்டு. எலும்பு கிடையாது.

யோகேஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அது துணிக் கிளிப்பு ஒன்றைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"நான் கேட்டிருக்கணும் அண்ணே. பிள்ளைங்களுக்கு ஆந்தைன்னா என்னான்னு யோசிச்சேன். வீட்ல ஆந்தைன்னா என்னான்னு யோசிக்கல."

அன்று சாயந்திரம் என் வேனிலேயே மன்னிப்புக் கேட்கப் போனது. வீட்டில் சாம்பிராணி வாடை இன்னும் போகவில்லை. சாந்தினி தேத்தண்ணியும் உப்பு பிஸ்கட்டும் கொண்டு வந்து வைத்தாள். ஆந்தையால் ஒன்றும் ஆகாது, அது மூடநம்பிக்கை என்று டீச்சர் ஒரு பிரசங்கம் வைக்கும், நடுவில் நான் புகுந்து சமாளிக்க வேண்டும் என்று தயாராகப் போயிருந்தேன். அது அப்படி எதுவும் பேசவில்லை. கேட்காமல் அனுப்பியது தன் தப்பு என்றது, சாந்தினி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று விசாரித்தது, தேத்தண்ணியைக் குடித்தது. கிளம்பும்போது வீரமுத்து எழுந்து நின்றான்.

"உங்க மேல கோவம் இல்ல டீச்சர். பயம்தான்."

"தெரியுதுங்க" என்றது டீச்சர்.

லோஷினி திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

மறுநாளிலிருந்து வேனில் லோஷினியின் பின்சீட் காலி. ஆனால் அந்த வீட்டைத் தாண்டாமல் எனக்கு வழி கிடையாது. நான் வருகிற சத்தம் கேட்டால் லோஷினி கேட்டுக்கு ஓடி வந்து கம்பிக்கு நடுவே முகத்தை வைப்பாள்.

"அங்கிள், பொரிச்சிருச்சா?"

பொரிக்கிற சமயம் என்பதால், ஆந்தை கலையாதபடி சயீத் தினமும் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்வான். நான் லோஷினிக்குச் சொல்வேன். இப்படியாக நானும் தபால்காரன் ஆனேன். ஒன்று பொரித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் லோஷினி கேட்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓடி வருவாள். நாலாவது மட்டும் அப்படியே கிடந்தது. "அது பொரிக்காது அண்ணே, கூமுட்டை. எல்லாப் பெட்டியிலயும் இப்படி ஒன்னு ரெண்டு கெடக்கும்" என்று சயீத் சொல்லிவிட்டான். இதை ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று கொஞ்ச நாள் ஓட்டினேன்.

ஒரு காலை. வீரமுத்துவின் லோரி வீட்டு முன்னால் நின்றது. அவன் குலை மேல் போடுகிற வலையை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அங்கிள், நாலாவது?"

"அது இன்னும் தூங்குது லா. சோம்பேறி முட்டை."

லோஷினி கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "தம்பி மாதிரியா?" என்றாள்.

வலையைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. நான் கியரைத் தேடினேன். பல வருசமாய் ஓட்டுகிற வேனில் அன்றைக்கு என் கைக்குக் கியர் அகப்படவில்லை.

வீரமுத்து வந்து மகளுக்கு எதிரே குந்தினான். "என்னா முட்டை அது?"

"நான் எலும்புல செஞ்சேன்ல, அதுதான். முட்டைக்குள்ள பாப்பா. அத நீங்க ஆத்துல போட்டுட்டீங்க."

 அந்த வட்டத்துக்கு நடுவே இருந்தது என்னவென்று எங்களில் யாருமே அவளைக் கேட்கவில்லை. நீ செஞ்சியா என்றுதான் கேட்டோம்.

"நாளைக்கு எனக்கு லோட் இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். "அந்தப் பொட்டி எங்க இருக்கு அண்ணே?"

மறுநாள் மத்தியானம் பெய்த மழை நின்று தோட்டம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. மட்டைகளுக்குக் கீழே உதிர்ந்த பழங்கள் சிவப்பாய்க் கிடந்தன. மில் பக்கத்திலிருந்து புளித்த வாடை வந்தது. சாந்தினியும் வருவேன் என்று வந்துவிட்டாள். சேற்றில் இறங்க வேண்டாம் என்று வேனிலேயே கதவைத் திறந்து வைத்து உட்காரச் சொன்னோம். யோகேஸ்வரி டேப்லட்டை லோஷினி கையில் கொடுத்தது. சயீத் கம்பைத் தூக்கினான். ஈரத்தில் கை வழுக்கியது. நான் உதவிக்குப் பிடித்தேன், கேமரா ஆகாயத்தைக் காட்டியது.

"விடுங்க அண்ணே" என்று வீரமுத்து கம்பை வாங்கினான். லோரிக்கு வருவதற்கு முன்னால் பல வருசம் குலை வெட்டினவன். கம்பு அவன் கையில் ஆடாமல் ஏறி, பெட்டி வாசலில் போய் நின்றது. ஆனால் கம்பைப் பிடித்தவன் மேலேதான் பார்க்க முடியும். படம் மகள் கையில் இருந்தது.

"என்னா தெரியுது?"

"மூணு. ஒன்னு பெருசு, ஒன்னு நடுத்தரம், ஒன்னு பொடிசு. மூஞ்சி அசிங்கமா இருக்கு."

"அம்மா?"

"ஓரத்துல நிக்கிது. நம்மளத்தான் பாக்குது."

"முட்டை?"

"இருக்கு." டேப்லட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டு போனாள். "அப்பா, அது எப்ப எந்திரிக்கும்?"

 என்னிடம் வேடிக்கையான பதில்கள் மூன்று இருந்தன. மூன்றையும் முழுங்கினேன். சயீத் தன் பூட்ஸைப் பார்த்தான். எதற்கும் பதில் சொல்லாத டீச்சர் இதற்கும் சொல்லவில்லை. வீரமுத்துவால் எங்கும் நகர முடியாது. கையை விட்டால் கம்பு கூட்டின் மேல் விழும்.

"அது எந்திரிக்காது பாப்பா."

"ஏன்?"

"தெரியலம்மா. சில முட்டை அப்படித்தான். யாரும் அத ஒன்னும் செய்யல. தானா நின்னு போச்சு." மேலே பார்த்தபடியே சொன்னான். "தம்பியும் அப்படித்தான். தம்பி தூங்கல. செத்துட்டான். நாங்கதான் உங்கிட்ட சொல்லாம இருந்துட்டோம்."

லோஷினி அழவில்லை. திரையில் அந்த முட்டை இருந்த இடத்தை விரலால் ஒரு தடவை தொட்டாள், படம் பெரிதாகிவிட்டது.

"அப்ப அம்மா வயித்துல இருக்கிற பாப்பா?"

கம்பு முதல் முறையாக ஆடியது. சயீத் கை நீட்டினான், வீரமுத்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

"தெரியாது" என்றான். என்னால் என் வாழ்நாளில் ஒரு பிள்ளையிடம் சொல்ல முடியாத சொல். "நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. பாத்துக்கிட்டே இருப்போம்."

"நானும் பாக்கலாமா?"

"நீயும்தான்."

வேனுக்குள்ளிருந்து சாந்தினியின் குரல் வந்தது. அதுவரை அவள் அங்கே இருப்பதையே மறந்திருந்தோம்.

"கம்ப எறக்குங்க. அது பாவம். அதுக்கும் ஒன்னு போயிருக்கு."

அவன் மெதுவாக, ஒரு மட்டையில்கூடப் படாமல், இறக்கினான்.

லோஷினி மறுபடி பின்சீட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டில் வேப்பிலை காய்ந்துபோய் இன்னும் இருக்கிறது. வீரமுத்து எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. ஆந்தைக் குஞ்சுகள் பெட்டி வாசலில் வந்து நின்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு வளர்ந்தபோது, பள்ளிக் கயிற்றில் லோஷினியின் புதுப் படம் தொங்கியது. ஒரு பெரிய வட்டம், அதற்குள் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் ஒரு காது. இந்தத் தடவை டீச்சர் முதலில் வீட்டுக்குப் போய்க் கேட்டது. இருவரும் சம்மதித்த பிறகுதான் சாந்தினியைப் பள்ளிக்குக் கூட்டி வந்தேன்.

எண்ணெய் ஊற்றுகிற புனலில் ரப்பர் குழாயைச் செருகி, ஒட்டுநாடா சுற்றி, மறுநுனியில் பொம்மை ரயிலின் புகைக்கூண்டைப் பிடுங்கிக் காதுக்கு மாட்டி, பிள்ளைகள் ஒரு கருவி செய்திருந்தார்கள். சாந்தினிக்கு முன்னால் ஒத்திகைக்கு ஆள் வேண்டும் என்று என் வயிற்றில் வைத்துக் கேட்டார்கள். உள்ளே ஒரு தவளை இருப்பதாக ஒருமனதாக முடிவு செய்தார்கள். காலையில் தின்ற நாசி லெமாக் என்று நான் சொன்னதை யாரும் ஏற்கவில்லை.

சாந்தினி குட்டி நாற்காலியில் உட்கார முடியாமல் மேசை ஓரத்தில் சாய்ந்திருந்தாள். வீரமுத்து லோரியை டயர் கடை முன்னால் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் கதவருகே நின்றான். லோஷினி புனலை அம்மா வயிற்றில் வைத்தாள். சத்தமில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாள். ஒன்றுமில்லை. வீரமுத்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். டீச்சர் எங்கே வைத்தால் கேட்கும் என்று காட்டவில்லை. நான்கூட வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். லோஷினி புனலை இடுப்புப் பக்கமாய்க் கீழே இறக்கினாள். நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே டயர் கடைக்காரர் காற்றடிப்பதை நிறுத்தினார், தற்செயலாகத்தான்.

"என்னா சொல்லுது?" என்று வரிசையில் நின்ற பிள்ளைகள் நச்சரித்தார்கள்.

"ஒன்னும் சொல்லல" என்றாள் லோஷினி, கண்ணைத் திறக்காமல். "இருக்கு."